தண்ணீரை நிறுத்தினால் போதும்

எந்தப் பாசனக் கால்வாய்க்கும் இரண்டு கிலோமீட்டர் அகலம் தேவைப்படாது. நீர்ப்பாசனப் பிரிவில் மட்டக்கருவியோடும் வரைபடச் சுருள்களோடும் வேலைக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். அகலம் கூடக் கூட ஆவியாகும் நீரும் கூடும். நீரோட்டத்தின் வேகம் குறைந்து வண்டல் படியும். தூர்வாரும் செலவு ஆண்டுக்காண்டு ஏறும். இளம் பொறியாளர் ஒருவர் அப்படி ஒரு குறுக்குவெட்டை வரைந்து கொண்டுவந்தால், மேலதிகாரி அதே மேசையிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்.

1993-இல் தெற்கு இராக்கில் அப்படி ஒன்றை வெட்டி முடித்தார்கள். இரு பக்கமும் மண்கரை, இடையே சுமார் இரண்டு கிலோமீட்டர் அகலம், ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளம். அமாராவுக்குத் தெற்கே டைகிரிஸ் நதியிலிருந்து பிரிந்து சதுப்புநிலத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்த கிளையாறுகளை எல்லாம் வழியிலேயே மறித்து, அள்ளிக்கொண்டுபோய், குர்னா அருகே யூப்ரடீஸில் கொட்டியது அது. 'செழிப்பு ஆறு' என்று பெயர். கூடவே 'போர்களின் தாய் ஆறு', 'தலைவருக்கு விசுவாசக் கால்வாய்' என்று இன்னும் சில கால்வாய்கள். நாங்கள் கால்வாய்களுக்குப் பக்கத்து ஊரின் பெயரை வைப்போம், இல்லாவிட்டால் வெறும் எண் கொடுப்போம். பெயரைக் கேட்டே சந்தேகப்பட வேண்டிய கால்வாய்களும் உலகில் உண்டு என்று பின்னால்தான் தெரிந்தது.

இந்த விவகாரத்துக்குள் நான் நுழைந்தது மனித உரிமை ஆர்வத்தால் என்று சொன்னால் பொய். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2001-இல் மெசபடோமியச் சதுப்புநிலங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதிலிருந்த செயற்கைக்கோள் படங்களைத் தொழில்முறைக் குறுகுறுப்பில் பார்க்கத் தொடங்கினேன். 1970-களின் முற்பாதியில் எடுத்த படத்தில் நாணல் காடுகள் அடர்ந்த சிவப்புத் திட்டுகளாகத் தெரிகின்றன. செயற்கை நிறத்தில் உயிருள்ள பச்சை அப்படித்தான் தெரியும். 2000-ஆம் ஆண்டுப் படத்தில் அந்த இடமெல்லாம் சாம்பலும் வெளிறிய பழுப்பும். சுமார் 8,900 சதுர கிலோமீட்டர் இருந்தது 1,300 ஆகச் சுருங்கியிருந்தது. 2002-இல் இன்னும் குறைந்து 760-க்கு வந்தது. எஞ்சியதும் பெரும்பாலும் ஈரான் எல்லையை ஒட்டிய ஹவீசா சதுப்பு. வறட்சியால் ஒரு நீர்நிலை வற்றினால் ஓரங்கள் கரைந்ததுபோல ஒழுங்கில்லாமல் சுருங்கும். இந்தப் படத்தில் அளவுகோல் வைத்து இழுத்த நேர்கோடுகள். கரைகள். அந்தக் கோடுகளுக்கு இந்தப்பக்கம் நீர், அந்தப்பக்கம் உப்பு.

அந்தக் கோடுகளுக்கு அந்தப்பக்கத்தில் மனிதர்கள் இருந்தார்கள் என்பதைத் தேடிப் படித்துத்தான் அறிந்தேன்.

நாசிரியா, அமாரா, பஸ்ரா என்ற மூன்று நகரங்களையும் கோடிட்டு இணைத்தால் கிடைக்கும் முக்கோணத்துக்குள் ஹம்மார் சதுப்பும் மத்தியச் சதுப்பும் அடங்கும். கிழக்கே ஹவீசா, பாதி இராக்கில், பாதி ஈரானில். டாரஸ் மலைகளிலும் சாக்ரோஸ் மலைகளிலும் பனி உருகும் வசந்த காலத்தில் வெள்ளம் வந்து, முந்தைய கோடையின் உப்பை அலசித் தள்ளிவிட்டு, நாணலுக்குப் புதுக்குருத்து விடும். அங்கே வாழ்ந்தவர்களைச் சதுப்பு அரபுகள் என்பார்கள்; எருமை வளர்ப்பவர்களை மஅதான் என்று அழைப்பார்கள். வெட்டிய நாணலையும் சேற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு மிதித்துத் தீவு செய்வார்கள். அதன்மேல் நாணலிலேயே வீடு. தீவு அமிழ அமிழ மேலே நாணல் போட்டுக்கொண்டே இருப்பார்கள். காலையில் எருமைகள் தாமாகவே நீந்தி மேய்ச்சலுக்குப் போய் மாலையில் திரும்பும். ஆண்கள் மெலிந்த நீளப் படகில் போய் இளங்குருத்தை அரிந்து வருவார்கள். பெண்கள் வறட்டி தட்டுவார்கள், பால் காய்ச்சி 'கய்மர்' என்ற கெட்டி ஏடு எடுப்பார்கள். ஏடும் மீனும் நாணல் பாயும் நகரச் சந்தைக்குப் போகும். அரிசியும் தேயிலையும் சர்க்கரையும் திரும்பி வரும். படகுக்குப் பூசும் கீல், வடக்கே ஹீத் என்ற ஊரின் ஊற்றுகளிலிருந்து வந்தது. படகு கட்டுவதில் பேர்பெற்றவர்கள் அருகே வாழ்ந்த மண்டேயர்கள். ஓடும் நீரில் முழுகாமல் சமயச் சடங்கு நடக்காத தொன்மையான சிறு மதத்தினர் அவர்கள். சதுப்புக்கு நேர்ந்தது அவர்களையும் விடவில்லை.

'முதீஃப்' என்ற விருந்தினர் மண்டபத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் தொழில். ஆள் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நாணல்களைத் தூண் தடிமனுக்குக் கட்டாகக் கட்டி, இரு வரிசையில் நட்டு, நுனிகளை வளைத்துச் சேர்த்தால் ஒரு வளைவு. அப்படி வளைவுக்குப் பின் வளைவாக நிறுத்தி மேலே பாய் போர்த்துவார்கள். ஆணி கிடையாது. கட்டுகளை முதலில் வெளிப்பக்கமாகச் சாய்த்து நட்டுப் பிறகு உள்நோக்கி வளைப்பதால் வளைவு முழுக்க இறுக்கத்தில் நிற்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஊருக் நகரத்தைச் சேர்ந்த ஒரு கல் தொட்டி இருக்கிறது. வயது சுமார் 5,000 ஆண்டு. அதில் செதுக்கியிருக்கும் நாணல் கொட்டிலைப் பார்த்தால் வடிவம் அப்படியே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் எழுதுபவர்கள் பலரும் 'ஏதேன் தோட்டம்' என்று தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் எரிச்சல். ஏதேன் என்று சொல்லிவிட்டால் அங்கே இருப்பவன் ஆதாமாகிவிடுகிறான். நிலத்தின் மீதோ நீரின் மீதோ அவனுக்கு உரிமை என்று பேச வேண்டியதில்லை, புகைப்படம் எடுத்தால் போதும். சதுப்பில் வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. மருத்துவமனை தொலைவு, பள்ளி அரிது, நீரால் பரவும் நோய்கள் நிறைய, ஷேக்குகளின் அதிகாரம் கடுமை. அந்த வாழ்க்கையை மாற்றிக்கொள்ள விரும்பி 1950-களிலிருந்தே பலர் பாக்தாதுக்கும் பஸ்ராவுக்கும் குடிபெயர்ந்தார்கள். விரும்பிப் போவது ஒன்று. வீட்டுக்கு அடியிலிருந்து தண்ணீரை உருவிக்கொண்டு துரத்துவது முற்றிலும் வேறு.

நகரத்து இராக்கியருக்கு இவர்களைப் பற்றி நல்ல எண்ணம் இருந்ததில்லை. எருமை மேய்ப்பவன் என்றால் இளக்காரம். இதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டிய தேவை இல்லை என்று நினைக்கிறேன். சதுப்பின் ஓரத்தில் நெல் விளைவித்தவர்களே எருமை வளர்ப்பவர்களைத் தாழ்வாகப் பார்த்தார்கள். அந்த இளக்காரத்தை 1991 ஏப்ரலில் ஆளும் பாத் கட்சியின் நாளிதழ் 'அல்-தௌரா' அரசுக் கொள்கையின் மொழியாக்கியது. பெயர் போடாத ஒரு கட்டுரைத் தொடர் வந்தது. சதுப்பு மக்கள் ஒழுக்கம் கெட்டவர்கள், அழுக்கானவர்கள், உண்மையான இராக்கியரே இல்லை, பழங்காலத்தில் எருமைகளோடு சேர்த்து இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்றது அது. ஒரு மக்களைத் தீர்த்துக்கட்டத் தயாராகும் அரசு முதலில் அவர்களுக்கு வேறொரு பிறந்த ஊரைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. எருமைகளோ, சிந்துப் பகுதியிலிருந்து வந்த ஜாட் மக்களோ அந்தப் பக்கம் குடியேறியது வரலாற்றில் உண்டுதான். ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஒரே சேற்றில் கிடந்த பிறகும் ஒருவன் அந்நியன் என்றால், அப்புறம் உள்ளூர்க்காரன் யார்?

அரசுகளுக்குச் சதுப்பின்மீது இருந்த கோபம் பழையது. குதிரைப்படை நுழைய முடியாத இடம் அது. 869 முதல் 883 வரை ஆப்பிரிக்க அடிமைகள் அப்பாசியக் கலீபாக்களை எதிர்த்துப் போரிட்டது இந்தச் சதுப்புகளை அரணாகக் கொண்டுதான். 1980-88 ஈரான் போரில் படையிலிருந்து ஓடிய இளைஞர்களும் இங்கேதான் ஒளிந்தார்கள். அந்தப் போரிலேயே ஹவீசா களமாகிவிட்டது. ஈரானியர் படகுகளில் வந்தார்கள். இராக் ராணுவம் நாணலை எரித்தது, ராணுவச் சாலைக்காகக் கரைகள் போட்டது, தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்சியது, நச்சுவாயுவும் பயன்படுத்தியது. சதுப்பைப் பிளந்த முதல் கரைகளில் சில அந்தச் சாலைகள்தான்.

ஆனால் என் தொழிலின் பங்கு அதைவிடப் பழையது. இந்தியாவில் பிறந்து ரூர்க்கியில் படித்த பிரிட்டிஷ் பொறியாளர் வில்லியம் வில்காக்ஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெசபடோமிய நதிகளுக்கு மாபெரும் பாசனத் திட்டம் தீட்டினார். யூப்ரடீஸின் குறுக்கே ஹிந்தியா தடுப்பணை அதில் பிறந்ததுதான். 1951-இல் ஃபிராங்க் ஹெய்க் தலைமையிலான குழு இராக் நதிகளைக் கட்டுப்படுத்துவது பற்றிய அறிக்கை கொடுத்தது. கரை, மதகு, வடிகால் அமைத்துச் சதுப்பை வற்றவைத்து, நீரை விளைநிலத்துக்குத் திருப்பும் யோசனை அதில் இருந்தது. யாரையும் கொல்ல அவர்கள் நினைக்கவில்லை. வயலுக்குப் போகாமல் நாணலுக்குள் பரவி ஆவியாகும் ஒவ்வொரு கனஅடியும் வீண் என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எங்களுக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்தார்கள். மட்டக்கோடுகள், மண்ணின் தன்மை, நீர்வரத்து, அகற்ற வேண்டிய மரங்களின் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் வரைபடத்தில் இடம் உண்டு. எருமை நீந்திப்போகும் வழிக்கு ஒரு குறியீடும் கிடையாது. 1990-களில் பாக்தாத் உலகத்துக்குச் சொன்ன நியாயம் முழுவதும் இந்தப் பழைய அறிக்கைகளின் மொழியில்தான் இருந்தது: நில மீட்பு, உவர் நீக்கம், வேளாண் வளர்ச்சி. 'மூன்றாவது ஆறு' என்ற 565 கிலோமீட்டர் வடிகால் 1992 டிசம்பரில் திறக்கப்பட்டது. பாசன நிலங்களின் உப்பு நீரை வெளியேற்ற 1950-களிலேயே தொடங்கிய, நியாயமான பொறியியல் நோக்கம் கொண்ட வேலை அது. அந்த நிழலில்தான் மற்றக் கால்வாய்கள் வெட்டப்பட்டன.

1991 தொடக்கத்தில் எங்கள் தெருவில் மாலை நேரம் வானொலிப்பெட்டிதான் எல்லாம். குவைத்திலிருந்து முந்தின ஆண்டே விமானத்தில் மீட்கப்பட்டுத் திரும்பியவர்கள் பக்கத்துத் தெருக்களில் இருந்தார்கள். பாஸ்போர்ட்டைத் தவிர எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள். பிப்ரவரி 28-இல் போர் நின்றது என்று கேட்டதும், சம்பள பாக்கி வருமா என்பதே எல்லோர் பேச்சும். எங்களுக்குப் போர் அன்றோடு முடிந்துவிட்டது. தெற்கு இராக்கில் அதற்கு அடுத்த நாட்களில்தான் தொடங்கியது.

அமெரிக்க அதிபர் புஷ் பிப்ரவரி நடுவில் இராக் மக்களே சதாமை அகற்ற வேண்டும் என்று பேசியிருந்தார். மார்ச் தொடக்கத்தில் பஸ்ராவில் தோற்றுத் திரும்பிய படையினர் முதல் பொறியைப் போட்டார்கள். சில நாட்களில் 18 மாகாணங்களில் 14 அரசின் கையைவிட்டுப் போயின. சஃப்வானில் நடந்த போர்நிறுத்தப் பேச்சில் ஹெலிகாப்டர் பறக்க அனுமதி வாங்கிக்கொண்ட இராக் தளபதிகள், அதே ஹெலிகாப்டர்களைக் கிளர்ச்சியின்மேல் ஏவினார்கள். அமெரிக்கப் படை சில கிலோமீட்டர் தொலைவில் நின்று பார்த்தது. தப்பியவர்கள் சதுப்புக்குள் போனார்கள். சதுப்பு மக்களில் பலர் கிளர்ச்சியில் பங்கேற்றிருந்தார்கள்; பங்கேற்காதவர்களும் வந்தவனுக்குச் சோறு போடும் வழக்கத்தை விடவில்லை. இரண்டுக்கும் ஒரே தண்டனை.

அந்தத் தண்டனையின் வரைவு கிளர்ச்சிக்கு முன்பே தயாராக இருந்தது என்பதுதான் என்னை உலுக்கியது. 'சதுப்புநிலங்களுக்கான செயல்திட்டம்' என்ற பாதுகாப்புத் துறை ஆவணம் 1989 ஜனவரியில் சதாமின் ஒப்புதல் பெற்றது. 1991 கிளர்ச்சியில் வடக்கே குர்துகள் கைப்பற்றிய கோப்புகளோடு அது வெளியுலகுக்கு வந்தது. நஞ்சு வைத்தல், வீடுகளை எரித்தல், பொருளாதார முற்றுகை, உணவு விநியோகத்தை நிறுத்துதல், மீன் விற்பனைக்குத் தடை எல்லாம் அதில் திட்டப் பணிகளாக வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. அலுவலகக் கோப்புகளைப் படித்துப் பழகியவனுக்கு அதன் தொனி நன்றாகத் தெரிந்த தொனி. கெட்ட வார்த்தை ஒன்றுகூட இருக்காது.

1991-க்குப் பிறகு அந்தத் திட்டமும் மண்வெட்டும் இயந்திரமும் சேர்ந்துகொண்டன. பீரங்கியால் கிராமத்தைச் சுடுவார்கள், நாணலை எரிப்பார்கள், ஆண்களைப் பிடித்துப்போவார்கள்; போனவர்களில் பெரும்பாலோர் என்ன ஆனார்கள் என்று குடும்பத்துக்கு யாரும் சொல்லவில்லை. இந்தப்பக்கம் கரை நீண்டுகொண்டே வரும். நீர் இறங்க இறங்கப் படகு போக முடியாத இடத்துக்கு ராணுவ வண்டி போக முடிந்தது. வற்றவைத்ததன் ராணுவப் பயன் இதுதான். வாழ்க்கையின் கணக்கு வேறு: நீர் போனால் குருத்து இல்லை, குருத்து இல்லாவிட்டால் எருமை இல்லை, மீன் இல்லை, பாய் இல்லை, எரிக்க வறட்டியும் இல்லை. நீர் தேங்கிய குட்டைகளில் உப்பு ஏறிக் குடிக்கவும் ஆகவில்லை. பீரங்கி நின்ற பகுதியிலும் மனிதன் வாழ முடியாது. ஒருவனைத் தொடாமலே அவனை இல்லாமல் ஆக்கிவிட முடியும்.

வானத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1992 ஆகஸ்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் 32-ஆவது அட்சரேகைக்குத் தெற்கே இராக் விமானங்கள் பறக்கக் கூடாது என்று அறிவித்தன. தெற்கே உள்ள ஷியா மக்களையும் சதுப்பு மக்களையும் காப்பதற்காக என்பதே சொன்ன காரணம். விமானங்கள் பறக்கவில்லை, சரி. தரையில் பீரங்கிக்கும் புல்டோசருக்கும் தடை இல்லை. ஆக, உலகின் மிகக் கூர்மையான கேமராக்கள் தினமும் பறந்த வானத்தின் கீழே, பத்தாண்டுக்கும் மேலாக, ஒரு நிலப்பரப்பு கரை கரையாக அழிக்கப்பட்டது. ஐ.நா.வின் இராக் மனித உரிமைச் சிறப்பு அறிக்கையாளர் மக்ஸ் வான் டெர் ஸ்டூல் 1992 தொடக்கத்தில் ஒருமுறை இராக்குக்குள் போனார். பிறகு அவரை விடவில்லை. எல்லைக்கு அப்பால் வந்த அகதிகளிடம் கேட்டுக் கேட்டு ஆண்டுதோறும் எழுதினார். கண்காணிப்பாளர்களை அனுப்புங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். 1999-இல் விலகினார்.

மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின் கணக்கு இது: 1991-இல் சுமார் இரண்டரை லட்சம் பேர் இருந்த மண்ணில் 40,000 பேர் அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தார்கள். இன்னொரு 40,000 பேராவது ஈரானில் அகதிகள். லட்சத்துக்கும் மேற்பட்டோர் இராக்குக்குள்ளேயே சிதறியவர்கள். நடந்தது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று அந்த அறிக்கை முடிவுக்கு வந்தது. இரண்டே மாதத்தில் படையெடுப்பு வந்தது. பத்தாண்டு பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சதுப்பு மக்களின் துயரம் திடீரென்று மேடைப் பேச்சுக்குப் பயன்பட்டது.

சதாமின் ஒன்றுவிட்ட சகோதரர் அலி ஹசன் அல்-மஜீதுக்கு, 1991 கிளர்ச்சியை நசுக்கிய வழக்கில், 2008 டிசம்பரில் மரண தண்டனை விதிக்கப்பட்டது; குர்துகளுக்கு எதிரான வழக்குகளின் தண்டனைகளோடு சேர்ந்து 2010 ஜனவரியில் தூக்கு. சுட்டவனையும் சுடச் சொன்னவனையும் நீதிமன்றத்துக்குத் தெரியும். நான் யோசிப்பது அந்தக் குறுக்குவெட்டு வரைபடங்களில் கையெழுத்திட்டவர்களைப் பற்றி. இனப்படுகொலைக்கு எதிரான 1948 ஒப்பந்தத்தில், ஒரு குழுவை அழிக்கும் நோக்கத்தோடு வாழ முடியாத நிலைமைகளைத் திணிப்பதும் குற்றம் என்று இருக்கிறது. ஆனால் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். கால்வாய் மதிப்பீட்டில் நோக்கம் என்ற பத்தியில் 'வேளாண் மேம்பாடு' என்றுதான் எழுதியிருப்பார்கள். சதாமின் ஆட்சியில் முடியாது என்று சொல்லும் பொறியாளருக்கு என்ன நேரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்; ஆகவே வீட்டில் உட்கார்ந்து அவர்களை நான் தூற்றப்போவதில்லை. இரண்டு கிலோமீட்டர் அகலத்தைப் பார்த்த எந்தப் பொறியாளருக்கும் அது வேளாண் மேம்பாடு இல்லை என்று தெரிந்திருக்கும் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

2003 ஏப்ரலில் ஆட்சி விழுந்ததும் சுற்றுவட்டார மக்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. மண்வெட்டியாலும் கிடைத்த இயந்திரங்களாலும் கரைகளை உடைத்தார்கள். நீர் வந்தது. வல்லுநர்கள் பலர் உப்பேறிய நிலத்தில் நாணல் வராது என்று நினைத்திருந்தார்கள்; பல இடங்களில் ஓரிரு ஆண்டுகளில் வந்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள் பழைய பரப்பில் ஏறக்குறைய பாதியில் மீண்டும் நீர். அமெரிக்காவில் இருந்த அஸ்ஸாம் அல்வாஷ் என்ற பொறியாளர் திரும்பிவந்து 'நேச்சர் இராக்' அமைப்பைத் தொடங்கினார். அவருடைய தந்தை பாசனப் பொறியாளர். சிறுவயதில் அப்பாவோடு படகில் சதுப்புக்குப் போனவர். 2013-இல் அவருக்குச் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன் பரிசு கிடைத்தது. 2016-இல் யுனெஸ்கோ, ஊர், ஊருக், எரிடு ஆகிய பழைய நகரங்களோடு நான்கு சதுப்புகளையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கதை இங்கே முடிந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டெல்டாவில் பிறந்தவர்களுக்குக் கடைமடை என்றால் என்னவென்று தெரியும். மேலே எத்தனை மதகு இருக்கிறதோ அத்தனையும் தன் பங்கை எடுத்த பிறகு, மிச்சம் இருந்தால் வருவது கடைமடைக்கு. டைகிரிஸ்-யூப்ரடீஸ் என்ற முழு அமைப்புக்கும் சதுப்பு மக்கள்தான் கடைமடை. யூப்ரடீஸில் துருக்கியின் அத்தாதுர்க் அணை 1990-இல் நீர் நிரப்பத் தொடங்கியது; அப்போதே ஒரு மாதம் ஆறு நின்றது. டைகிரிஸில் இலிசு அணை 2019-இல் நிரப்பத் தொடங்கியது. ஹவீசாவுக்கு நீர் கொடுத்த கர்கே ஆற்றில் ஈரான் 2001-இல் அணை கட்டி முடித்தது. 2009-ஐ ஒட்டி எல்லையின் நடுவே சதுப்பைப் பிளந்து கரையும் எழுப்பியது. இராக்கின் உள்ளேயும் மேல் மாகாணங்கள் பழைய முறையில் வயலை மூழ்கடித்துப் பாய்ச்சுகின்றன. பிறகு குடிநீர், பிறகு எண்ணெய் வயல்கள். மஜ்னூன், மேற்கு குர்னா போன்ற பெரும் எண்ணெய் வயல்கள் சதுப்பை ஒட்டியே இருக்கின்றன. எண்ணெயை வெளியே தள்ள நீர் வேண்டும்.

2009, 2015, 2018 என்று வறண்டது. 2021-இல் தொடங்கியது ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 2023 ஜூலையில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு, நாற்பது ஆண்டுகளில் சதுப்பு கண்டிராத வெப்ப அலை என்று எச்சரித்தது. அதே மாதம் மைசான் மாகாணத்தில் ஆற்றங்கரையில் செத்த மீன்கள் ஆயிரக்கணக்கில் ஒதுங்கின. சதுப்பு ஊரான சிபாயிஷைச் சுற்றி உப்பு நீர் குடித்த எருமைகள் கண் கெட்டும் மெலிந்தும் செத்தன. 2003-க்குப் பிறகு நம்பித் திரும்பிய குடும்பங்கள், மிஞ்சிய மாடுகளை வந்த விலைக்கு விற்றுவிட்டு பஸ்ரா, நாசிரியா, கர்பலா நகரங்களின் ஓரங்களுக்குப் போகின்றன. பேசுபவர்களுக்கும் ஆபத்து உண்டு. நேச்சர் இராக் அமைப்பைச் சேர்ந்தவரும் சதுப்பிலேயே பிறந்தவருமான ஜாசிம் அல்-அசதி 2023 பிப்ரவரியில் ஆயுதம் ஏந்தியவர்களால் கடத்தப்பட்டு, சுமார் இரண்டு வாரம் கழித்து விடுவிக்கப்பட்டார்.

1990-களில் நடந்ததையும் இதையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அன்று கொல்லும் எண்ணம் இருந்தது. இன்று மேலே இருக்கும் யாருக்கும் சதுப்பு மக்கள்மீது பகை இல்லை, அவர்களைப் பற்றி நினைப்பே இல்லை. ஆனால் சிபாயிஷில் மாட்டை விற்கும் மனிதனின் இடத்திலிருந்து பார்த்தால் 1994-க்கும் 2023-க்கும் எத்தனை வேற்றுமை? அன்றைக்கு அவன் விரல் நீட்ட ஒரு முகமாவது இருந்தது. இன்று அங்காராவுக்கும் டெஹ்ரானுக்கும் பாக்தாதுக்கும் வானிலைக்கும் இடையே பொறுப்பு பங்குபோட்டுக் கரைந்துவிட்டது. மனித உரிமைச் சட்டம் முதல் வகைக்காக எழுதப்பட்டது. இரண்டாம் வகைக்கு வழக்கு எண் போடுவதே கடினம்.

ஒப்பந்தங்கள் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 1987-இல் துருக்கி சிரியாவுக்கு வாக்குக் கொடுத்தது: எல்லையில் யூப்ரடீஸில் ஆண்டுச் சராசரியாக விநாடிக்கு 500 கனமீட்டருக்குக் குறையாமல் விடுவோம் என்று. 1990-இல் சிரியாவும் இராக்கும் அதை 42-க்கு 58 என்று பங்கிட்டுக்கொண்டன. சர்வதேச நீர்வழிகள் பற்றிய 1997 ஐ.நா. ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களித்த மூன்று நாடுகளில் துருக்கி ஒன்று. 2023-இல் இராக் 'நீர் ஒப்பந்தம்' என்ற இன்னொரு ஐ.நா. ஒப்பந்தத்தில் சேர்ந்தது. துருக்கியும் ஈரானும் சேரவில்லை. 2024 ஏப்ரலில் துருக்கி அதிபர் எர்டோவான் பாக்தாதுக்கு வந்தபோது நீர் பற்றிய பத்தாண்டுக் கட்டமைப்பு உடன்பாடு கையெழுத்தானது.

இதில் 'ஆண்டுச் சராசரி' என்ற சொல்லைப் பொறியாளர்கள் யாரும் கவனிக்காமல் விட முடியாது. சதுப்புக்கு வேண்டியது சராசரி இல்லை. மார்ச்சிலிருந்து மே வரை சில வாரங்கள் வெள்ளம் வேண்டும். உப்பை அலச, மீன் முட்டையிட, குருத்து வர. அந்த வெள்ளத்தை அணைகள் சமன்படுத்தி ஆண்டு முழுவதும் பரப்பிவிட்டன. கணக்கில் 500 சரியாக வந்தாலும் சதுப்பு சாகும். மேல் அணைகளிலிருந்து வசந்தத்தில் மட்டும் ஒரு குறிப்பிட்ட அளவைக் கூட்டித் திறந்து, மற்ற மாதங்களில் குறைத்துக்கொள்வது நடக்கக்கூடிய காரியம். அல்வாஷும் நெடுங்காலமாக இந்தச் செயற்கை வெள்ளத்தைத்தான் கேட்டு வருகிறார். மின்சார உற்பத்தியில் கொஞ்சம் இழப்பு வரும். அதை எண்ணெயாகவோ பணமாகவோ ஈடுகட்ட இராக்கால் முடியும். எந்த வாரம், எவ்வளவு கனமீட்டர், எந்த மதகு வழியாக என்று அட்டவணை போடுவது இளநிலைப் பொறியாளர் ஒருவருக்குச் சில மாத வேலை. நீரியல் தரவுகள் இருக்கின்றன, செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன, உடைத்த கரைகளின் இடங்கள் இருக்கின்றன. இந்த நதிகளைப் பங்கிடும் நாடுகளையெல்லாம் கட்டுப்படுத்தும் நிரந்தர நீர்ப்பங்கீட்டு ஒப்பந்தம் மட்டும் இன்னும் இல்லை. ஆகவே அந்த அட்டவணையைப் பின்னிணைப்பாகச் சேர்ப்பதற்கு ஒரு கோப்பும் இல்லை.